மின்சார மிதிவண்டியும் சாலைச் சட்டமும்

தோட்டத்து மக்களின் போக்குவரத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்துள்ளது. பால்வெட்டுக்கு இருட்டிலேயே எழுந்து நடந்து சென்றவர்கள் நம் பாட்டனார் காலத்தவர். மிதிவண்டியின் பின்புறத்தில் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குச் சென்றவர்கள் நம் தந்தையார் காலத்தவர். அடுத்து மோட்டார் சைக்கிள் வந்தது. இன்று லயத்து வாசல்களில் புதியதொரு வண்டி நிற்கக் காண்கிறோம். அதுவே மின்சார மிதிவண்டி.

இவ்வண்டியால் நன்மைகள் உண்டு என்பதில் ஐயமில்லை. பெட்ரோல் செலவு இல்லை, புகை இல்லை, இரைச்சல் இல்லை. முழங்கால் வலியால் மேட்டுச் சாலையில் மிதிக்க இயலாத முதியவருக்கும் அது உதவுகிறது. எனினும், ‘இது வெறும் சைக்கிள்தானே, லைசென்ஸ் எதற்கு? தலைக்கவசம் எதற்கு?’ என்ற எண்ணத்தோடு பலர் இதனை வாங்குகின்றனர். அவ்வெண்ணம் எல்லா வண்டிகளுக்கும் பொருந்தாது. பொருந்தாத வண்டியை வாங்கியவர் பணத்தையும் இழக்க நேரிடும். சில வேளைகளில் அதைவிடப் பெரியதையும் இழக்க நேரிடும். ஆகவே இம்மாதப் பாடமாக மின்சார மிதிவண்டியை எடுத்துக்கொள்வோம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். தந்தையும் தாயும் பால்வெட்டுத் தொழிலாளர்கள். மகளுக்கு வயது பதினான்கு. அவள் படிக்கும் இடைநிலைப் பள்ளி தோட்டத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில், பட்டணத்தில் உள்ளது. மாலை வகுப்புகள் முடியும் நேரத்தில் பள்ளிப் பேருந்து போய்விடுகிறது. தந்தை மிகைநேரச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து மகளுக்கு ஒரு மின்சார மிதிவண்டி வாங்கித் தர விரும்புகிறார். பட்டணத்துக் கடையில் ஒரு வண்டியைக் காட்டுகிறார்கள். அதற்குப் பெடல் இருக்கிறது. ஆனால் மிதிக்கத் தேவையில்லை. கைப்பிடியை முறுக்கினால் போதும், வண்டி தானே ஓடும். ‘லைசென்ஸ் வேண்டாம், பதிவும் வேண்டாம்’ என்கிறார் கடைக்காரர்.

இத்தந்தையின் விருப்பம் நல்விருப்பம். மகளின் கல்விக்காக உழைத்த காசை எடுத்து வைக்கிறார். ஆனால் அவர் அந்த வண்டியை வாங்கலாமா? இக்கேள்விக்கு விடை காண, முதலில் வண்டிகளின் வகையை அறிய வேண்டும்.

மூன்று வகை வண்டிகள்

‘மின்சார சைக்கிள்’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறுபட்ட வண்டிகள் விற்கப்படுகின்றன.

முதல் வகை, மிதித்தால் மட்டுமே துணை செய்யும் வண்டி. இதில் ஒரு சிறு மோட்டார் உண்டு. நாம் பெடலை மிதிக்கும்போது அம்மோட்டார் நம் காலுக்கு உதவுகிறது. மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும். குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் அதன் துணை தானாகவே அற்றுப்போகும்.

இரண்டாம் வகை, கைப்பிடியை முறுக்கினால் ஓடும் வண்டி. இதற்கும் பெடல் இருக்கலாம். ஆனால் அது பெயருக்கு இருப்பதே. பின்னால் இருக்கை, முன்னால் பெரிய விளக்கு என்று பார்வைக்கு இது ஒரு சிறு மோட்டார் சைக்கிள் போலவே தோன்றும். ஆனால் பதிவு எண் இராது.

மூன்றாம் வகை, முறைப்படி அங்கீகாரம் பெற்று, பதிவு எண்ணுடன் விற்கப்படும் மின்சார மோட்டார் சைக்கிள். இது பெட்ரோல் ஊற்றாத மோட்டார் சைக்கிளே தவிர வேறில்லை.

பெடல் இருப்பதனால் மட்டும் ஒரு வண்டி மிதிவண்டி ஆகிவிடாது. அதனை ஓட்டுவது நம் காலா, அல்லது மோட்டாரா என்பதே கேள்வி. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பாடத்தின் பாதியைக் கற்றவராவோம்.

சட்டம் கூறுவது யாது?

நம் நாட்டில் சாலைகளில் ஓடும் வண்டிகளைப் பற்றிய தாய்ச் சட்டம், 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமாகும். தன்னுள் அமைந்த இயந்திரத்தின் ஆற்றலால் உந்தப்பட்டு, சாலையில் பயன்படத்தக்கதாக இருக்கும் வண்டி எதுவாயினும் அதனை மோட்டார் வாகனம் என்று அச்சட்டம் கருதுகிறது. இயந்திரம் பெட்ரோலில் ஓடுகிறதா, மின்சாரத்தில் ஓடுகிறதா என்பது பொருட்டன்று.

மோட்டார் வாகனம் என்றால் அதற்குரிய கடமைகள் நான்கு. வண்டியைப் பதிவு செய்ய வேண்டும். சாலை வரி அனுமதி இருக்க வேண்டும். காப்புறுதி இருக்க வேண்டும். ஓட்டுபவரிடம் அவ்வகை வாகனத்திற்குரிய லைசென்ஸ் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் பெறுவதற்குக் குறைந்தபட்ச வயது 16.

அண்மை ஆண்டுகளில் சிறு மின்வண்டிகள் பெருகியதால், 2021ஆம் ஆண்டில் தனி விதிகள் வகுக்கப்பட்டன. மொப்பெட் எனப்படும் சிறு மோட்டார் வண்டி, நடக்க இயலாதோருக்கான தனிநபர் நகர்வுத் துணைச் சாதனம், நின்றுகொண்டு ஓட்டும் மின் ஸ்கூட்டர் போன்ற தனிநபர் நகர்வுச் சாதனம் ஆகிய மூன்று வகையையும் சாலையில் பயன்படுத்த அவ்விதிகள் தடை செய்கின்றன. வண்டி கடையில் தடையின்றி விற்கப்படுவதால் அதனைச் சாலையில் ஓட்டவும் தடையில்லை என்று எண்ணுவது தவறு. விற்பனை வேறு, சாலையில் ஓட்டும் உரிமை வேறு.

இப்போது நம் எடுத்துக்காட்டிற்குத் திரும்புவோம். கடைக்காரர் காட்டியது இரண்டாம் வகை வண்டி. அதற்குப் பதிவு எண் இல்லை. ஆகவே மோட்டார் சைக்கிளாக அது சாலைக்கு வர முடியாது. மிதிக்காமலே ஓடுவதால், மிதிவண்டி என்று சொல்லித் தப்பவும் முடியாது. பதிவு செய்யத்தக்க வண்டியாகவே இருந்தாலும் மகளுக்கு 16 வயது நிறையவில்லை. ஆகவே, தந்தை அதனை மகளுக்கு வாங்கித் தருவது முறையாகாது.

விபத்து நேர்ந்தால்

‘போலீஸ் பிடித்தால் அபராதம் கட்டிவிட்டால் போயிற்று’ என்று சிலர் கூறக்கூடும். அபராதம் சிறிது. விபத்தின் விளைவு பெரிது.

பதிவு எண் இல்லாத வண்டிக்கு, சட்டம் வேண்டும் வாகனக் காப்புறுதியை எடுக்க வழியில்லை. அவ்வண்டி சாலையோரம் நடந்து செல்லும் ஒரு மூதாட்டியின் மீது மோதி அவர் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காப்புறுதி இருந்தால் இழப்பீடு கொடுக்க நிறுவனம் ஒன்று இருக்கும். இல்லையேல், வழக்குத் தொடரப்படும்போது அப்பொறுப்பு ஓட்டியவர் தலையிலும் அவர் குடும்பத்தின் சேமிப்பிலும் வந்து விழும். அடிபட்டவருக்கும் உரிய இழப்பீடு கிடைக்காமற் போகலாம். இரு குடும்பங்களும் துன்புறும்.

பெற்றோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் வாகனம் ஓட்டுவது குற்றம். லைசென்ஸ் இல்லாத ஒருவரை ஓட்ட அனுமதிப்பதும் குற்றமே. ‘பிள்ளை கேட்டான், கொடுத்தேன்’ என்ற விடை சட்டத்தின் முன் நில்லாது.

தொழிலாளர்களுக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும் வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் கருத்திற் கொள்கிறது. அவ்வாறு விபத்து நேர்ந்தால் உடனே முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். செய்தி கிடைத்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். சாலை விபத்தாயின், வாகனத்தை ஓட்டியவர் 24 மணி நேரத்திற்குள் போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். ‘சிறு காயந்தானே’ என்று பேசாதிருந்துவிட்டு, மாதங்கள் கழித்து முதுகுவலியோடு அலுவலகத்திற்கு அலைபவர்கள் உண்டு. மருத்துவச் சீட்டையும் போலீஸ் அறிக்கையையும் அன்றே பெற்றுப் பத்திரப்படுத்துவது அறிவுடைமை.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கடைக்குச் செல்லும்போது பின்வரும் கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: மிதிக்காமல் இவ்வண்டி ஓடுமா? ஓடும் என்றால் அதனை மிதிவண்டி என்று நம்பி வாங்காதீர்கள்.

இரண்டு: மோட்டாரின் ஆற்றல் எத்தனை வாட்? மோட்டாரின் துணை எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நிற்கும்? இவ்விவரங்கள் வண்டியின் மீதோ கையேட்டிலோ அச்சிடப்பட்டிருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

மூன்று: மின்சார மிதிவண்டிகளுக்கென்று எம்.எஸ். 2514 என்னும் மலேசியத் தரம் உண்டு. இவ்வண்டி அத்தரத்திற்கு உட்பட்டதா? அதற்கான சான்று எங்கே?

நான்கு: மின்சார மோட்டார் சைக்கிள் என்று விற்றால், பதிவு செய்து கொடுப்பீர்களா? ‘பதிவு தேவையில்லை’ என்ற விடை கிடைத்தால் அக்கடையை விட்டு வெளியே வந்துவிடுவது நலம்.

பணம் கொடுப்பதற்கு முன் வண்டியின் பெயர், மாதிரி எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு சாலைப் போக்குவரத்து இலாகாவின் கிளை அலுவலகத்திற்குச் சென்று கேட்கலாம். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. முதல் வகை வண்டியையும் இவ்வாறு கேட்ட பின்னரே பொதுச் சாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஒரு நாள் அலைச்சல், ஓராண்டுச் சேமிப்பைக் காக்கும்.

வாங்கிய பிறகு வண்டியை மாற்றியமைக்கவே கூடாது. வேகக் கட்டுப்பாட்டை நீக்குவதும் பெரிய பேட்டரியைப் பொருத்துவதும், முறையான வண்டியை முறையற்ற வண்டியாக்கிவிடும். வேகத்திற்காக மாற்றியமைத்த மிதிவண்டிகளால் விளையும் கேட்டை நம் நாடு மறக்கவில்லை. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலையில், ஜொகூர் பாருவில், ‘பாசிக்கால் லாஜாக்’ எனப்படும் மாற்றியமைத்த மிதிவண்டிகளில் சென்ற சிறுவர் கூட்டத்தின் மீது கார் மோதியதில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். அவ்வண்டிகளுக்கு மோட்டார்கூட இல்லை. எட்டு வீடுகளின் துயரம் நமக்கு என்றும் பாடமாக இருத்தல் வேண்டும்.

சிங்கப்பூரில் வேலை செய்வோர் கவனத்திற்கு

ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் பலர் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அங்கே விதிகள் மிகத் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளன. மிதித்தால் மட்டுமே மோட்டார் துணை செய்ய வேண்டும். கைப்பிடியை முறுக்கி ஓட்டும் அமைப்புக் கூடாது. மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும் வண்டியின் எடை 20 கிலோவுக்கும் மிகக் கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டாரின் துணை அற்றுவிட வேண்டும். வண்டியில் அங்கீகார முத்திரையும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஓட்டுபவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி, எழுத்துத் தேர்வில் தேறாதவர் ஓட்டக்கூடாது. சாலையிலும் மிதிவண்டிப் பாதையிலும் ஓட்டலாம். நடைபாதையிலும் விரைவுச் சாலையிலும் ஓட்டக்கூடாது.

அங்கு முறையாக ஓடிய வண்டி இங்கும் முறையானது என்றோ, இங்கு வாங்கியது அங்குச் செல்லும் என்றோ எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு நாட்டின் விதியையும் தனித்தனியே அறிந்து நடக்க வேண்டும்.

சாலையில் செல்லும்போது

சட்டப்படி வாங்கிய வண்டியும் கவனமின்றி ஓட்டினால் ஆபத்தே. அதற்கான காரணங்களை ஆராய்வோம்.

மின்சார வண்டியின் பெரிய குணமே அதன் பெரிய குறையுமாகும். அது ஓசையின்றி வருகிறது. மோட்டார் சைக்கிள் வருவதைக் காது சொல்லும், ஒதுங்கி நிற்போம். மின்வண்டி வருவது தெரியாது. விடியற்காலையில் பெரட்டுக்கு நடந்து செல்லும் பெண்களும், லயத்து வாசலில் விளையாடும் குழந்தைகளும் திரும்பிப் பார்க்குமுன் வண்டி அருகே வந்துவிடும். ஆகவே ஆட்களை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, முன்கூட்டியே மணி அடிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வந்து அடிப்பதில் பயனில்லை.

அடுத்தது வேகம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 7 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகுமெனின், பிரேக் பிடிக்கும் முன்னரே 7 மீட்டர் கடந்துவிட்டோம். வேகம் 50 ஆனால் அத்தூரம் 14 மீட்டர். பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரமோ இரு மடங்கு அன்று, நான்கு மடங்காகும். மழையில் நனைந்த செம்மண் சாலையிலும் சரளைக் கல் மீதும் அது இன்னும் நீளும். பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த வண்டி சாதாரண மிதிவண்டியினும் கனமானது என்பதையும் மறவாதீர்கள். ஈரச் சாலையில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். இரு பிரேக்குகளையும் ஒருங்கே, படிப்படியாகப் பிடிக்கப் பழக வேண்டும்.

தோட்டச் சாலை பொதுச் சாலையோடு சேருமிடம் மிக ஆபத்தானது. மரங்களின் மறைவிலிருந்து வெளிவரும் சிறு வண்டியை லாரி ஓட்டுநர் காண இயலாது. அங்கே காலைத் தரையில் ஊன்றி முழுமையாக நின்று, வலப்புறமும் இடப்புறமும் மீண்டும் வலப்புறமும் பார்த்த பின்னரே சாலையில் ஏற வேண்டும். சாலையின் இடப்புறமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்க. திரும்பும் முன் கையால் சைகை காட்டுக. இருட்டில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். வெளிர் நிறச் சட்டை அணிவது நன்று. கட்டணம் செலுத்தும் விரைவு நெடுஞ்சாலையில் எவ்வகை மிதிவண்டியும் செல்லலாகாது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர்க்குத் தலைக்கவசம் 1973 முதல் நம் நாட்டில் கட்டாயமாக உள்ளது. மிதிவண்டியாயினும் மண்டை ஓடு ஒன்றே. சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தலைக்கவசம் அணிந்து, தாடையின் கீழ் வாரை இறுக்கிக் கட்டுங்கள். கட்டாத கவசம் விழும்போது முதலில் கழன்று ஓடும்.

பேட்டரியைப் பேணுதல்

இவ்வண்டிகள் பலவற்றில் இருப்பது லித்தியம் பேட்டரி. சிறு பெட்டிக்குள் பேராற்றலைச் சேமித்து வைக்கும் அது, பழுதானால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். அத்தீ மிக விரைவில் பரவும். அணைத்தது போலத் தோன்றி மீண்டும் பற்றும்.

லய வீடுகளைப் பற்றி இங்கே தனியே கூற வேண்டியுள்ளது. வண்டியை இரவில் முன்வாசலை ஒட்டி நிறுத்தி, அங்கேயே மின்னேற்றுவது வழக்கமாக உள்ளது. தீப்பற்றினால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். பலகைச் சுவராயின் அண்டை வீடுகளுக்கும் தீ தாவும். ஆகவே கதவருகிலும் படுக்கையறையிலும் மின்னேற்றாதீர்கள். அனைவரும் விழித்திருக்கும் நேரத்தில், காற்றோட்டமான இடத்தில், எரியும் பொருள்களுக்கு அப்பால் மின்னேற்றுங்கள். நிறைந்ததும் இணைப்பை எடுத்துவிடுங்கள்.

வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். ஒரே நீட்டிப்புக் கம்பியில் சோற்றுப் பானை, மின்விசிறி, சார்ஜர் மூன்றையும் சேர்த்துச் செருகலாகாது. மழையில் நனைந்த பேட்டரியை உலரும் முன் மின்னேற்றலாகாது. பேட்டரி வீங்கினாலோ, தொட முடியாதபடி சூடானாலோ, வழக்கத்திற்கு மாறான வாடை வீசினாலோ அதனை மீண்டும் பயன்படுத்தாமல் கடைக்காரரிடம் காட்டுங்கள். புகை வரக் கண்டால் பொருளைக் காக்க முயலாதீர்கள். குழந்தைகளையும் முதியோரையும் வெளியேற்றி, அண்டை வீட்டாரை எழுப்பி, 999 எண்ணுக்கு அழையுங்கள்.

முடிவுரை

நம் எடுத்துக்காட்டில் வந்த தந்தை இனி என்ன செய்யலாம்? மகளின் கல்வியைக் கைவிட வேண்டியதில்லை. நல்ல பிரேக்கும் விளக்கும் உள்ள சாதாரண மிதிவண்டி அவளுக்கு உதவும். அதே பள்ளிக்குச் செல்லும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, மாலை வகுப்பு நாள்களுக்கு வேன் ஒன்றை அமர்த்தலாம். மாலைப் பேருந்து குறித்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மூலம் பள்ளியோடு பேசலாம். மகளுக்கு 16 வயது நிறைந்து, முறைப்படி பயின்று லைசென்ஸ் பெற்ற பின், பதிவு எண்ணுள்ள மின்சார மோட்டார் சைக்கிளைத் தயக்கமின்றி வாங்கித் தரலாம். சேர்த்த பணம் அதுவரை சேமிப்பில் இருக்கட்டும்.

புதிய பொருள்களை நாம் வெறுக்க வேண்டியதில்லை. அறிந்து வாங்கி, முறையறிந்து பயன்படுத்தினால் அவை நம் வாழ்வை உயர்த்தும். வேலைக்கும் பள்ளிக்கும் சென்றவர்கள் மாலையில் நலமாக வீடு திரும்ப வேண்டும். அதற்காகவே இவ்விதிகள் யாவும்.

கலந்துரையாடுவதற்குச் சில கேள்விகள்

1. மிதித்தால் மட்டும் துணை செய்யும் வண்டிக்கும், கைப்பிடியை முறுக்கினால் ஓடும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. மோட்டார் வாகனத்தைச் சாலையில் ஓட்டுவதற்குரிய நான்கு கடமைகள் யாவை?

3. உங்கள் தோட்டச் சாலை பொதுச் சாலையோடு சேருமிடத்தில் பார்வையை மறைப்பவை எவை? அவற்றை நீக்க யாரிடம் முறையிடலாம்?

4. இன்றிரவு உங்கள் வீட்டு முன்வாசல் தடையின்றித் திறந்திருக்கிறதா?